கிராபிக்ஸ் கார்டை இப்போதே மாற்றலாமா, இன்னும் ஓட்டலாமா? குறைந்த பணத்தில் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கார்டு வாங்கிய பிறகு கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். வாங்கும் முன் கேட்க வருகிறவர்கள் குறைவு. சென்னையின் ரிச்சி தெருவில் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று ஒரு கார்டை வாங்கிவிடுகிறார்கள். பொருத்தினால் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி, தாங்கவில்லை. அதையும் மாற்றுகிறார்கள். அதன் பிறகும் கேம் திக்கித் திணறுகிறது. தொடக்கத்திலிருந்தே பின்தங்கியிருந்தது பிராசசர் என்பது அப்போதுதான் தெரிகிறது. வாங்கிய பொருள்கள் எல்லாம் நல்லவைதான். வேலை செய்த வரிசைதான் தவறு.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கு படிகளுக்குச் செலவு அநேகமாக இல்லை. என்னிடம் வந்தவர்களில் பலர் நான்காம் படியிலேயே, பணத்தைச் செலவழிக்காமல் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

முன்னதாக வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், மென்மையான பெயிண்ட் பிரஷ், சிறிய தெர்மல் பேஸ்ட் குழாய். கம்ப்யூட்டரில் இரண்டு இலவச மென்பொருள்கள்: ஜிபியு-இசட், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். இரண்டாவதுடன் வரும் ரிவாட்யூனரையும் சேர்த்து நிறுவுங்கள். கேம் ஓடும்போதே எண்களைத் திரையில் காட்டுவது அதுதான். இவற்றோடு அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

1. எதற்காக மாற்றுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது" என்பது காரணமாகாது. "என் 1080 திரையில் இந்த மூன்று கேம்களும் நடுத்தர அமைப்பில் நொடிக்கு 60 பிரேம் தர வேண்டும்" என்பது காரணம். பிரேம் என்பது கார்டு வரையும் ஒவ்வொரு படம். அளந்து பார்க்கக்கூடிய இலக்கு இல்லாவிட்டால், கடைக்காரர் காட்டும் அடுத்த விலைக் கார்டு எப்போதும் "இன்னும் கொஞ்சம்தானே" என்றே தோன்றும்.

இலக்கை முடிவு செய்வது மானிட்டர். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே திரையில் சுமார் 82.9 லட்சம். ஒவ்வொரு பிரேமிலும் கார்டு இத்தனை புள்ளிகளையும் வரைய வேண்டும். நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 120 பிரேம் தரும் கார்டை வாங்கினால், கண்ணுக்கு வந்து சேராத பிரேம்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

பிளெண்டர், வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்கு இலக்கு வேறு. அங்கே பிரேம் கணக்கு உதவாது. ஒரு குறிப்பிட்ட காட்சியை ரெண்டர் செய்ய இப்போது எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்று எழுதுங்கள்.

2. கேபிளையும் அமைப்புகளையும் பாருங்கள்

இரண்டே நிமிட வேலை. ஆனால் இதைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கித் தந்த கார்டு, ஆறு மாதமாகச் சரியாகவே ஓடவில்லை, இன்னும் பெரியதாக வாங்க வேண்டும் என்றார். கேபினெட்டைத் திருப்பினேன். எச்டிஎம்ஐ கேபிள் மேலே மதர்போர்டின் துளையில் இருந்தது. கார்டின் துளைகளில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் மூடிகள்கூட இன்னும் கழற்றப்படவில்லை. பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ்தான் ஆறு மாதமும் படத்தை வரைந்துகொண்டிருந்தது. கேபிளை ஒரு சாண் கீழே மாற்றிச் செருகினோம். அவ்வளவுதான்.

அதோடு விண்டோஸின் டிஸ்பிளே அமைப்புக்குப் போங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு அமைப்பை 60இலேயே விட்டுவைத்திருப்பவர்கள் உண்டு. கேமுக்குள் விசிங்க் (பிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி) அல்லது பிரேம் வரம்பு தெரியாமல் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. அளவெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஆஃப்டர்பர்னரில் கார்டின் பயன்பாடு, வெப்பநிலை, கடிகார வேகம், கார்டு நினைவகம், பிராசசரின் ஒவ்வொரு திரெட்டின் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் தனித்தனி இழை) பயன்பாடு, ராம், பிரேம் எண்ணிக்கை, பிரேம் நேரம் ஆகியவற்றைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்களுக்குத் தொல்லை தரும் கேமை, தொல்லை தரும் அதே இடத்தில், 20 நிமிடம் விளையாடுங்கள். ஐந்து நிமிடம் போதாது. கார்டு முழுதாகச் சூடேற நேரம் எடுக்கும். அதன் உண்மையான வேகம் சூடேறிய பிறகுதான் தெரியும்.

கார்டின் பயன்பாடு 95 முதல் 99 சதவீதத்திலேயே நின்று, பிரேம் மட்டும் போதாமல் இருந்தால், தடை கார்டில்தான். மாற்றுவதற்கு இதுவே முதல் நியாயமான அறிகுறி.

கார்டு 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்க, பிராசசரின் ஏதோ ஒரு திரெட் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தால், தடை பிராசசரில். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம் என்று தெரிகிறது, ஆகவே அது சுகமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அது எல்லாத் திரெட்களின் சராசரி. கேமின் முக்கியமான வேலை ஒன்றிரண்டு திரெட்களில் நடக்கும். அவை மூச்சு முட்டி நிற்பதைச் சராசரி மறைத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை. அதே இடத்தில் ரெசொல்யூஷனை 1280×720க்கு இறக்குங்கள். கார்டின் சுமை பாதிக்கும் கீழே போகிறது. பிராசசரின் சுமை அப்படியே இருக்கிறது. பிரேம் நன்றாக ஏறினால் தடை கார்டில். ஏறவே இல்லையென்றால் எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் இதே பிரேம்தான் வரும்.

மூன்றாவது நோய் கார்டின் நினைவகம் நிரம்புவது. சராசரி பிரேம் நன்றாக இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு நொடி வெட்டும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் 16.7 மில்லி வினாடி. திரையில் தெரியும் பிரேம் நேரக் கோடு சமமாகப் போகாமல் ஊசி ஊசியாகக் குத்திட்டு நிற்கும். ஆஃப்டர்பர்னர் காட்டும் நினைவக எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள்; கேம் ஒதுக்கி வைத்துக்கொண்டதை அது காட்டுகிறது, உண்மையில் தேவைப்பட்டதை அல்ல. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைப்பை ஒரு படி குறைத்துப் பாருங்கள். ஊசிகள் மறைந்தால் நோய் நினைவகத்தில்தான்.

எல்லா எண்களையும் தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

4. இருப்பதைச் சரிசெய்து மீண்டும் அளவெடுங்கள்

நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் நான்கைந்து ஆண்டு ஓடிய கார்டு, வாங்கிய நாளில் இருந்த வேகத்தில் இருப்பது அரிது. பழைய என்விடியா கார்டுகள் 83 டிகிரியை நெருங்கும்போதே கடிகார வேகத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். மூன்றாம் படியில் 20 நிமிடத்தில் கடிகார வேகம் படிப்படியாக இறங்கியிருந்தால் இதுதான் காரணம்.

கார்டைக் கழற்றி பிரஷால் தூசி தட்டுங்கள். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுவது நல்லது. கட்டற்றுச் சுழன்றால் பேரிங் கெடும். வாரன்டி முடிந்திருந்தால் ஹீட்சிங்கைக் கழற்றி பேஸ்ட்டையும் மாற்றலாம். அண்மையில் நான் திறந்த ஒரு ஜிடிஎக்ஸ் 1060இல் பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு போலப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள்.

அடுத்து டிரைவர். கார்டு மாற்றிய கம்ப்யூட்டர்களில் பழைய டிரைவரின் மிச்சங்கள் கிடக்கும். டிடியு என்னும் இலவச மென்பொருளால், விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, முழுவதையும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

ராம் ஒரே ஒரு 8 ஜிபி துண்டாக இருக்கிறதா? அதே வகையில் இன்னொன்று சேர்த்தால் ராமின் இரண்டு சேனலும் (தரவு போகும் பாதை) வேலை செய்யும். தடை பிராசசர் பக்கம் என்று வந்தவர்களுக்குப் புதுக் கார்டைவிட இது பலன் தரும் செலவு. தனிக் கார்டே இல்லாமல் ரைசன் 5600ஜி போன்ற பிராசசரின் உள் கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு, மாற்றம் கண்கூடாகத் தெரியும்.

கேமுக்குள் நிழல், மூடுபனி, பிரதிபலிப்பு ஆகிய மூன்றையும் ஒரு படி குறையுங்கள். படத்தின் அழகு அதிகம் குறையாமல் சுமை நன்றாக இறங்கும். கேமில் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசொல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருந்தால் "குவாலிட்டி" நிலையில் போடுங்கள். அது பல பழைய கார்டுகளிலும் ஓடும். அதே வேலையைச் செய்யும் டிஎல்எஸ்எஸ், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டுமே.

இப்போது மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள். முதல் படியில் எழுதிய இலக்கு வந்துவிட்டதென்றால், நோட்டை மூடிவிட்டுப் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

5. தள்ளிப்போட முடியாத காரணங்கள் உண்டா?

சில சுவர்களைத் தூசி தட்டித் தாண்ட முடியாது.

முதலாவது, ரே டிரேசிங்குக்கான (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருள் கட்டாயமாகிவிட்ட கேம்கள். 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படிப்பட்டது. ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத ஜிடிஎக்ஸ் கார்டுகளில் அமைப்பை எவ்வளவு குறைத்தாலும் அது ஓடாது. நீங்கள் விரும்பும் கேமின் குறைந்தபட்சத் தேவையில் ஆர்டிஎக்ஸ் என்று எழுதியிருந்தால் வாதத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, டிரைவர். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஏஎம்டி 2023இலேயே ஆர்எக்ஸ் 400, 500, வேகா கார்டுகளைத் தனி டிரைவர் வரிசைக்கு ஒதுக்கிவிட்டது. இதனால் உங்கள் கார்டு நாளையே நின்றுவிடாது. பழைய கேம்கள் அப்படியே ஓடும். புதிய கேம்களை வெளியான மாதத்திலேயே விளையாடுகிறவர்களுக்குத்தான் இது அவசரம்.

மூன்றாவது, 4 ஜிபி நினைவகம். டெக்ஸ்சரை மிகக் கீழே இறக்கியும் ஊசிகள் நிற்கவில்லை என்றால், கார்டில் நினைவகத்தைக் கூட்ட வழியில்லை.

திரையில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ சிதறினால் அது கார்டு சாகும் அறிகுறியாக இருக்கலாம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

6. மற்ற பாகங்கள் தாங்குமா என்று பாருங்கள்

கார்டின் பெயரை முடிவு செய்யும் முன் இந்தப் படி. பின்னால் செய்தால் இரட்டைச் செலவு.

எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் 450, 500 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் கார்டுக்கும் பிராசசருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட். 450 என்று பெரிதாகப் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் எழுதியிருந்தால், கையில் இருப்பது 216 வாட்தான்.

ஓர் உதாரணம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். ரைசன் 5 5600 முழுச் சுமையில் சுமார் 76 வாட். மற்றவற்றுக்கு 50 வைத்துக்கொள்வோம். மொத்தம் 241. 12 வோல்ட்டில் 32 ஆம்பியர் தரும் எஸ்எம்பிஎஸ் 384 வாட் தாங்கும். சுமை மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. இந்த அளவு இடைவெளி வேண்டும். ஏனென்றால் கார்டு கண நேரத்துக்குச் சராசரியைவிட அதிகம் இழுக்கும். இடைவெளி இல்லையென்றால் கம்ப்யூட்டர் கேமின் நடுவில் அணைந்துவிடும்.

மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை தரும். கார்டின் 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இணைப்பு இல்லையென்றால், மாற்றிக் கம்பி வாங்கி ஒட்டுப்போடாதீர்கள். பழைய மோலெக்ஸ் கம்பியிலிருந்து 8 பின்னுக்கு மின்சாரம் எடுத்துக் கருகிப்போன இணைப்பை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இணைப்பு இல்லாத எஸ்எம்பிஎஸ், அந்தக் கார்டுக்காகச் செய்யப்பட்டதல்ல என்றுதான் பொருள்.

அலுவலகங்கள் கழித்த கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் தனி வடிவம். கடையில் கிடைப்பதை மாட்ட முடியாது. ஸ்லாட்டின் மின்சாரத்திலேயே ஓடும் கார்டுதான் வழி. ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடுவது. கேபினெட் ஒல்லியானது என்றால் அரை உயரக் கார்டுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்லாட்டின் தலைமுறையும் பொருட்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டுடன் பேச நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. ஸ்லாட் பிசிஐஇ 4.0 தலைமுறை என்றால் சமாளிக்கும். பி450 போன்ற 3.0 போர்டில் பாதையின் வேகம் பாதியாகி, 4 ஜிபி நிரம்பும் தருணங்களில் தடுமாறும். பழைய போர்டுக்கு அதை வாங்காதீர்கள். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அது இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் அவை பெருமளவு வேகம் இழக்கும்.

கார்டின் நீளத்தை இஞ்ச் டேப்பால் கேபினெட்டுக்குள் அளந்துவிடுங்கள்.

7. கணக்குப் போட்டு முடிவெடுங்கள்

மொத்தச் செலவு என்பது கார்டின் விலை அல்ல. கார்டு, தேவையானால் எஸ்எம்பிஎஸ், தேவையானால் ராம் எல்லாவற்றையும் கூட்டி, பழைய கார்டு விற்றால் வருவதைக் கழியுங்கள். அதை இன்னும் எத்தனை மாதம் ஓட்டுவீர்களோ அத்தனையால் வகுங்கள். 20,000 ரூபாய்க் கார்டு, பழையது 5,000க்குப் போகிறது, மூன்று ஆண்டு ஓட்டுவீர்கள் என்றால் மாதம் சுமார் 417 ரூபாய். 12,000 ரூபாய்க் கார்டை ஒரே ஆண்டில் மாற்றினால், அதே 5,000ஐக் கழித்தாலும், மாதம் சுமார் 583. மலிவு எது என்பது அப்போதுதான் தெரியும்.

முன்னேற்றம் ஒன்றரை மடங்குக்குக் குறைவு என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 40 பிரேம் 48 ஆனால் முதல் நாள் மகிழ்ச்சி, மூன்றாம் நாள் மறந்துபோகும். 40 பிரேம் 65 ஆனால் கை உணரும். ஒன்றரை மடங்கு தரும் கார்டு இப்போது எட்டவில்லையென்றால், எட்டும்வரை சேமியுங்கள். புதிய தலைமுறை வெளிவந்த பிறகு பழைய கார்டுகள் விற்பனைக்கு அதிகம் வரும். அந்த நேரம் வாங்குகிறவருக்குச் சாதகம்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்பதற்காக மாற்றாதீர்கள். 185 வாட் ஆர்எக்ஸ் 580ஐ எடுத்துவிட்டு 115 வாட் கார்டு போட்டால் வித்தியாசம் 70 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினாலும், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் சுமார் 17 யூனிட்தான். மே மாதத்தில் அறை கொஞ்சம் குளுமையாக இருக்கும் என்பது வேண்டுமானால் உண்மை.

8. வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள்

ஒரே பெயரில் வேறு வேறு கார்டுகள் விற்கப்படுகின்றன. ஆர்டிஎக்ஸ் 3050இன் 8 ஜிபி வகையில் 2560 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்). 6 ஜிபி வகையில் 2304. ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகைக்கு நினைவகப் பாதை 192 பிட். 8 ஜிபி வகைக்கு 128. ஆர்எக்ஸ் 580இல் 2304 கோர்கள் இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது வேகத்தில் 570தான். ஜிடி 1030இன் டிடிஆர்4 வகை, ஜிடிடிஆர்5 வகையின் நிழலுக்குக்கூட வராது.

"4 ஜிபி கார்டு, விலை குறைவு" என்று ஜிடி 730ஐக் காட்டினால் எழுந்துவிடுங்கள். அது 2014இல் வந்த கார்டு. நினைவகம் எத்தனை இருந்தாலும் இன்றைய கேமை வரைய அதற்கு வலு இல்லை. புதிதாக 1080 திரைக்கு வாங்குகிறவர்கள் 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். அதற்கு விதிவிலக்கு மேலே சொன்ன அலுவலகக் கம்ப்யூட்டர் மட்டும்.

பழைய கார்டு வாங்குவதானால், விற்பவர் இடத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் திறந்து கோர் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பயாஸ் மாற்றிய போலிக் கார்டுகள் பலவற்றை அது போலி என்றே காட்டிவிடும். 15 நிமிடம் முழுச் சுமை கொடுத்து வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) முடிவுக்கு வந்தபோது ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்டு என்றாலே தீண்டக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். விசிறியும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், அதற்கேற்ப விலை குறைய வேண்டும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

9. பொருத்தியதும் மறுபடி அளவெடுங்கள்

பழைய டிரைவரை டிடியுவால் நீக்கிவிட்டு, மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு கார்டை மாற்றுங்கள். மின் இணைப்பு "கிளிக்" என்று பூட்டும்வரை அழுத்துங்கள். கேபிளைக் கார்டின் துளையில் செருகுங்கள்.

பிறகு அதே கேம், அதே இடம், அதே 20 நிமிடம். நோட்டில் பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதுங்கள். எதிர்பார்த்த ஏற்றம் இல்லையென்றால் கடையில் திருப்பித் தரும் கெடு முடியும் முன் தெரிந்துவிடும். உங்கள் கையில் எண்கள் இருப்பதால் கடைக்காரரிடம் பேசவும் எளிது.

பழைய கார்டை உடனே விற்காதீர்கள். இரண்டு வாரம் அட்டைப் பெட்டியில் இருக்கட்டும். புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகு, பழைய கார்டின் பில்லையும் நான்காம் படியில் சுத்தம் செய்த பின் எடுத்த அளவுகளையும் சேர்த்து விற்பனைக்கு வையுங்கள். அந்தத் தாளைப் பார்த்து வாங்குகிறவர் பேரம் குறைவாகவே பேசுவார்.